மண்டபத்தில் அட்மேத்ஸ் (கூடுதல் கணிதம்) சொல்லித்தரும் தம்பி தங்கைகளுக்கு

வணக்கம். சனிக்கிழமை தோறும் சுங்கை சிப்புட்டுக்கு வந்து, எங்கள் கோவில் மண்டபத்தில் படிவம் 4 பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லித்தருகிறீர்கள். பேத்தியை ஏற்றிப்போக வந்து, கடைசித் தூணோரம் உட்கார்ந்திருக்கும் பழைய தோட்டத்துக் கிராணி நான்தான்.

போன வாரம் இருபடிச் சார்பை ‘பெந்தோக் ஆம்’ என்ற பொது வடிவிலிருந்து ‘பெந்தோக் வெர்தெக்ஸ்’ என்ற உச்சிப்புள்ளி வடிவுக்கு மாற்றிக் காட்டினீர்கள். பாதியாக்கு, வர்க்கமாக்கு, கூட்டு, கழி என்ற வர்க்கப் பூர்த்தி. “எதற்கம்மா மாற்றுகிறீர்கள்?” என்று வீட்டில் கேட்டேன். “கேள்வியில் அப்படித்தான் கேட்பார்கள் தாத்தா” என்றாள். அதுதான் உறுத்துகிறது.

அவளிடம் காய்கறிப் பாத்தியைக் காட்டினேன். அதைச் செவ்வகமாகச் சுற்றி அடைக்க 40 மீட்டர் கம்பிவலை இருக்கிறது. ஒரு பக்கம் ப மீட்டர் என்றால் அடுத்த பக்கம் 20 − ப. பரப்பு ப(20 − ப). இந்த வடிவைப் பார்த்ததுமே, ப 0 ஆனாலும் 20 ஆனாலும் பாத்தியே இல்லை என்று தெரிந்துவிடும். விரித்தால் −ப² + 20ப. அதை முறைத்துப் பார்த்து என்ன பயன்? அதையே −(ப − 10)² + 100 என்று எழுதுங்கள். வர்க்கம் ஒருபோதும் சுழியத்துக்குக் கீழே போகாது. ஆகவே 100 சதுர மீட்டருக்கு மேல் கிடைக்காது, அதுவும் ப 10 ஆக இருந்தால்தான். பாத்தி ஒன்றுதான், அதைப் பற்றி ஒவ்வொரு வடிவும் ஒரு சேதி சொல்கிறது.

அப்புறம், 2ப² − 12ப + 10-ஐ வெர்தெக்ஸ் வடிவுக்கு மாற்றும் கணக்கு. பேத்தி 2(ப − 3)² + 1 என்று முடித்துவிட்டாள். அடைப்புக்குள் கழித்த 9-ஐயும் வெளியே நிற்கும் 2 பெருக்கும் என்பதை மறந்துவிட்டாள். சரியான விடை 2(ப − 3)² − 8. ப-வுக்கு 3 போட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். காரணிப்படுத்தினால் 2(ப − 1)(ப − 5). 1-க்கும் 5-க்கும் நடுவில் அதே 3. இப்படி ஒரு வடிவை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கலாம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

வர்க்கப் பூர்த்தியைச் சூத்திரமாகத் தொடங்காமல் படமாகத் தொடங்குவீர்களா? ப² + 6ப-வுக்கு, பக்கம் ப உள்ள ஒரு சதுரம், அதன் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் 3 அகலத்தில் இரண்டு பட்டைகள். மூலையில் ஒரு பொத்தல் விழும், 3-க்கு 3. அந்த 9 எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மணிலா அட்டையும் கத்தரிக்கோலும் வரும் சனிக்கிழமை நான் கொண்டுவருகிறேன்.