ஆபரேஷனுக்கு முன்பே வலியைச் சொல்லப் பழக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மருத்துவமனையில் கொடுத்த தாளை வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம் வந்தார். ராத்திரி எத்தனை மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது, நகையைக் கழற்ற வேண்டும், சர்க்கரை மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும், முன்பணம் எவ்வளவு, எல்லாம் இருக்கிறது. வலித்தால் யாரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வரி இல்லை. எலும்பு முறிவு வார்டில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ் என்பதால் எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது.

நம் பெரியவர்களுக்கு டாக்டர் முன்னால் வலிக்கிறது என்று சொல்வதே ஏதோ குற்றம் சாட்டுவது மாதிரி. ரவுண்ட்ஸில் கேட்டால், "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் சாமி" என்பார்கள். தொடை எலும்பில் பிளேட் வைத்த ஒரு பாட்டியும் அப்படித்தான் சொன்னார். ஒரு கை கட்டில் கம்பியை விடவே இல்லை; மேலுதடெல்லாம் வியர்வை. பயிற்சி டாக்டர், "பத்துக்கு எவ்வளவு வலி பாட்டி?" என்று கேட்டார். மார்க் போடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, "நீங்களே பாத்துப் போடுங்க சாமி" என்றார் பாட்டி. எல்லோரும் சிரித்தோம். ரவுண்ட்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது.

பொறுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வலியோடு கிடப்பவர் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இருமிச் சளியைத் துப்ப மாட்டார். நிமோனியாவுக்கு அதுவே வழி. எழுந்து நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையும். தூக்கம் கெட்டு, சொந்த மகனையே "நீ யாருப்பா?" என்று கேட்டு, டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று அதைத் தள்ளிவிடுகிறோம்.

முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பதன் பலன் எப்போதோ தெரிந்த விஷயம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எக்பர்ட் என்ற மயக்க மருந்து டாக்டரும் சகாக்களும் செய்த ஆய்வு 1964-இல் வெளிவந்தது. வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரில் ஒரு பாதியினரிடம் மட்டும், எங்கே வலிக்கும், எவ்வளவு நாள் இருக்கும், எப்படிப் புரள வேண்டும், முடியாவிட்டால் மருந்து கேளுங்கள் என்று உட்கார்ந்து பேசினார்கள். அவர்களுக்கு வலி ஊசி மற்றவர்களைவிடப் பாதியளவே தேவைப்பட்டது. சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். மெஷின் எதுவும் வாங்கவில்லை, பேசினார்கள், அவ்வளவுதான்.

எதிர்வீட்டு அம்மாவிடம் நான் சொன்னது இதுதான். பத்து, எட்டு என்று கணக்கு வரவில்லையா, லேசா, நடுத்தரமா, தாங்க முடியலையா என்று சொல்லுங்கள். குத்துதா, எரியுதா, குடையுதா என்றும் சொல்லுங்கள். எரிச்சலும் சுண்டி இழுப்பதும் நரம்பு வலியாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. புரள முடியலை, இரும முடியலை என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வலி உச்சிக்கு ஏறும்வரை காத்திருக்காதீர்கள். நடக்க வைக்க பிசியோதெரபிஸ்ட் வருமுன்பே வலி மருந்து கேளுங்கள். நெஞ்சு வலித்தாலோ கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ அது ஆபரேஷன் வலி என்று நீங்களாக முடிவு கட்டாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். அப்புறம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கித் தின்ற வலி மாத்திரைகளை டாக்டரிடம் மறைக்காதீர்கள், கிட்னி விஷயம். இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்!

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தியேட்டருக்குள் போகுமுன் பல்செட், கண்ணாடி, காது மெஷின் எல்லாவற்றையும் கழற்றி மகள் கையில் கொடுத்துவிடுவோம். வெளியே வந்தபின் அவை கைப்பையிலேயே கிடக்கும். காது கேட்காத மனிதர் எதைக் கேட்டாலும் தலையாட்டத்தான் செய்வார். வார்டுக்கு வந்து நினைவு தெளிந்ததும், நர்ஸிடம் கேட்டுக்கொண்டு மாட்டிவிடுங்கள். டாக்டர் அம்மாவைப் பார்த்துக் கேட்கும்போது, "அவங்களுக்குச் சொல்லத் தெரியாது சார்" என்று முந்திக்கொள்ளவும் வேண்டாம்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு தேடி வரும் பெண்களுக்குத் தெருவில் எந்தப் பாட்டிக்கு என்ன நோய் என்பது அத்துப்படி. பிசியோதெரபியும் அதே திட்டத்தில் வீட்டுக்கு வருகிறது. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்ததும் மருத்துவமனை அவர்களுக்குத் தகவல் அனுப்பட்டும். திண்ணையில் உட்கார்ந்து கால் மணி நேரம் பேசினால் போதும். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் வாய் திறக்காதவர்கள் இவர்களிடம் தாராளமாகப் பேசுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல்.