சிறு ரயில் மாதிரிச் சங்கம்: 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு 11 முறை கூடினோம். டிசம்பர் கூட்டம் மழையோடு போனது. உறுப்பினர் 14 பேர். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

போன பொதுக்கூட்டத்தில் எடுத்த முடிவு ஞாபகம் இருக்கும்: ஓராண்டுக்கு எஞ்சின் வாங்குவதில்லை, வண்டி மட்டும்தான். அப்போது நம்மிடம் எஞ்சின் ஆறு, இழுத்துப் போக வண்டி நாலு. நிஜமான நிலக்கரிச் சுரங்கத்தில் கதையே வேறு. ஒரு குட்டி எஞ்சின் பின்னால் தொட்டி தொட்டியாக வால் நீளும். இப்போது நம் கம்பிச் சடக்கில் (தண்டவாளத்தில்) 27 வண்டிகள் ஓடுகின்றன. சரி, 26. ஒன்றைப் பூனை கொண்டுபோனது.

அளவு பற்றிய பழைய சண்டை இந்த ஆண்டும் தீரவில்லை. நாம் வைத்திருப்பது 009 என்ற மாதிரி அளவு: நிஜத்தில் ஓர் அடிக்கு மாதிரியில் 4 மில்லிமீட்டர், 9 மில்லிமீட்டர் தண்டவாளம். உண்மை அளவுக்கு மாற்றினால் இந்த அகலம் சுமார் 686 மில்லிமீட்டர் வருகிறது. 600 மில்லிமீட்டர் அகலச் சுரங்க ரயில் பாதைக்கு இது நாலு விரல் அகலம் அதிகம்தான். துல்லியமாகப் போட்டால் 7.9 மில்லிமீட்டர் வேண்டும். அதற்குச் சக்கரம் முதல் நாமே கடைய வேண்டும். 9 என்றால், அதே அகலத் தண்டவாளத்தில் ஓடும் 'N' அளவு மாதிரி ரயிலின் சக்கரமும் மோட்டாரும் அப்படியே பொருந்தும். அதனால் இதிலேயே இருப்போம் என்பது என் கருத்து. ஐரோப்பாவிலிருந்து வந்த கவிழ்ப்புத் தொட்டிகள் 87இல் ஒரு பங்கு, நம்முடையவை 76இல் ஒரு பங்கு. இரண்டையும் ஒரே வரிசையில் கோக்கக் கூடாது என்று இருவர் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிஜத்தில் மட்டும் தொட்டிகள் எல்லாத் தோட்டத்திலும் ஒரே அளவிலா இருந்தன?

ஆண்டின் பெரிய வேலை, சிலாங்கூரில் உள்ள பத்து ஆராங் சுரங்கத்தின் நிலக்கரி வண்டி வரிசை. 1915இல் தோண்டத் தொடங்கி 1960இல் மூடிய சுரங்கம். நம் ஊர் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கம் என்பதால் அதையே எடுத்தோம். (2007 முதல் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா. கடிதத் தலைப்பில் மாற்றிவிட்டேன், வாயில் மாறவில்லை.) பன்னிரண்டு தொட்டிகளைப் பளபளவென்று கறுப்பு அடித்து வைத்திருந்தோம். ஓர் உறுப்பினரின் தாத்தா, சிறுவயதை அந்தச் சுரங்கத்து லயத்தில் கழித்தவர், பார்க்க வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “என்னப்பா, கல்யாணத்துக்கா போகுது இது?” என்றார்.

“புதுசு தாத்தா, அதான்...”

“புதுசா நான் ஒண்ணுகூட பாத்ததில்ல. எல்லாம் நசுங்கித்தான் இருக்கும். கொட்டுற பக்கம் ரொம்ப.”

அன்று மாலையே பன்னிரண்டையும் இடுக்கியால் நசுக்கினோம். துருவுக்குச் செங்கல் தூளும் காப்பித்தூளும். அதற்கப்புறம்தான் அவை சுரங்கத்து வண்டிகளாயின. எனக்கு இந்த ஆண்டில் மிகப் பிடித்த வேலை அதுதான்.

வெள்ளீயத் தாது ஏற்றும் வேறு சில தொட்டிகள் காலியாக ஓடும்போது வளைவில் துள்ளி விழுந்துகொண்டே இருந்தன. எடை போதாது. தூண்டிலில் கட்டும் காரீயக் குண்டை நசுக்கி அடியில் ஒட்டியதும் அடங்கின. வெள்ளீயம் ஏற்றும் வண்டிக்கு அடியில் காரீயம் என்று தலைவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். ஒட்டியபின் கையைக் கழுவுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இன்னொன்று: ஈயக்கப்பல் (வெள்ளீயத் தாது வாரும் மிதவை) ஓடிய பழைய லம்பத்திலிருந்து (சுரங்கக் குட்டையிலிருந்து) அமாங் மணலை ஒருவர் சுமையாகப் போடக் கொண்டுவந்தார். நிறம் அருமைதான். ஆனால் வெள்ளீயம் பிரித்தபின் மிஞ்சும் அந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கும், அதில் தோரியம் இருக்கும், அது கதிர்வீசும். பிள்ளைகள் தொடும் மேசையில் அது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். மீன்தொட்டிக்குப் போடும் கறுப்பு மணல் போதும். அவர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

ஆளேறும் பெட்டி ஒன்றே ஒன்றுதான் முடிந்தது. ஆனால் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் வைத்த கண்காட்சியில் பிள்ளைகள் சுற்றி நின்றது அதை அல்ல, குதிரை வண்டியை. வேல்ஸில் 1836இல் திறந்த ஃபெஸ்டினியோக் ரயில் பாதையில் அந்தக் காலத்தில் கற்பலகை ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே இறங்கும். காலி வண்டிகளை மேலே இழுக்கக் குதிரை. இறங்கும்போது குதிரைக்கு வேலையில்லை என்பதால் அதையும் ஒரு வண்டியில் ஏற்றிக் கீழே கூட்டிவருவார்கள். நம் இளைய உறுப்பினர் அதைத் தீக்குச்சியால் செய்து, புல் தின்னும் குதிரையும் நிறுத்தியிருந்தார். “டீச்சர், குதிரைக்கு டிக்கெட் உண்டா?” என்று ஒரு பையன் கேட்டான்.

கண்காட்சியில் பிற்பகல் பாதை நின்றது. மழையில் பிளைவூட் ஊதி, பாதை பதித்த இரு பலகையும் சேரும் இடத்தில் தண்டவாளம் எழும்பிவிட்டது. விளிம்புக்கு வார்னிஷ் அடிக்க மறந்தது நான்.

வரும் ஆண்டு ஆளேறும் பெட்டி இன்னும் மூன்று, பலகை புதிதாக இரண்டு. வார்னிஷ் வாங்கியாயிற்று, சனிக்கிழமை மாலை நாலு மணிக்குத் தூரிகையோடு வருபவர்கள் இன்றே கையைத் தூக்கிவிடுங்கள்.

செயலாளர்