‘போதும்’ அட்டை

கோத்தகிரி

அன்புள்ள சரோ,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்கு நீ என்னென்ன திட்டியிருப்பாய் என்று தெரியும். அதையெல்லாம் வாங்கிக்கொண்டாயிற்று என்று வைத்துக்கொள். முழங்கால் தேவலையா? அவரை விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். பச்சைத் தேயிலை விலை வழக்கம்போல அழவைக்கிறது, மகன் வழக்கம்போலப் புலம்புகிறான். விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோமதி அத்தை வந்திருந்தார். அத்தை வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த மைக் சமாச்சாரத்தை நேரில் பார்த்தவள் நீ. வந்தவுடன் பேரன் கண்ணனைப் பிடித்து மடியில் இருத்திக்கொண்டு, “நான் யாரு சொல்லு, நான் யாரு சொல்லு” என்று கன்னத்தைக் கிள்ள ஆரம்பித்தார். பிள்ளை நெளிந்தான். நான் அவன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், இதோ வாய்க்குப் போகப்போகிறது என்று. போகவில்லை. மடியிலிருந்து நழுவி இறங்கினான், அலமாரிப் பக்கம் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டைகளில் ஒன்றைச் சர்ரென்று பிய்த்தான், கொண்டுவந்து அத்தை கையில் வைத்தான். மஞ்சள் அட்டை, விரித்த உள்ளங்கைப் படம், கீழே கொட்டை எழுத்தில் ‘போதும்’. அத்தை அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னடி இது, ஏதாவது பத்திரிகையா?” என்றார். மருமகள் சமையலறைக்குள் ஓடிவிட்டாள். நம்மில் ஒருத்தருக்கும் இத்தனை வருஷமாக வராத தைரியம், சரோ!

சிரிக்க மட்டும் இதை எழுதவில்லை. நீ கடைசியாக வந்தபோது அவன் மணிக்கட்டு எப்படி இருந்தது என்று பார்த்தாய். காய்ந்த தழும்பின் மேலேயே மறுபடி கடிப்பான். ஆட்டிசம் என்று தெரியும், ஆனால் ஏன் கடிக்கிறான் என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். மகனுக்குக் குளிர், எனக்குப் பசி, சம்பந்தியம்மாவுக்குக் கண்திருஷ்டி. இப்போது கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஏ.பி.ஏ. மேடம் வீடியோவில் வருகிறார், எப்போதாவது மலையேறியும் வருவார். மனிதர்களின் நடத்தையை அளந்து பார்த்து மாற்றுகிற படிப்பு அது. அவர் எடுத்தவுடன் எந்த வைத்தியமும் சொல்லவில்லை. மூன்று கட்டம் போட்ட ஒரு நோட்டைக் கொடுத்தார். முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள், அவ்வளவுதான். ‘அடம்பிடித்தான், கோபப்பட்டான்’ என்று எழுதினால் அடித்துவிடுவார். கண்ணால் கண்டது மட்டும்தான் வேண்டும். ‘வலது மணிக்கட்டைக் கடித்தான், தோல் சிவந்தது’ என்று எழுத வேண்டும்.

பிறகு அந்தப் பக்கங்களைப் புரட்டினால் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. முன் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே சங்கதி: சிலேட்டு வந்தது, “வா, எழுதலாம்” என்றோம். பின் கட்டத்திலும் ஒரே சங்கதி: சிலேட்டை எடுத்து வைத்தோம், தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனோம். குளிராக இருந்தாலும் வெயிலடித்தாலும், சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் அதேதான். கடித்தால் சிலேட்டு போய்விடும். பேச்சு வராத பிள்ளைக்கு அதைவிடச் சுருக்கமான வழி ஏது?

எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான் என்றில்லையாம். ஒருத்தன் யாராவது திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கடிப்பான், ஒருத்தன் கேட்ட சாமான் கிடைக்க, ஒருத்தன் வேலையிலிருந்து தப்பிக்க. இன்னொருத்தன் ஆளே இல்லாத அறையிலும் கடிப்பான், உடம்புக்கு அதுவே ஏதோ ஒரு சுகம். 1982-ல் பிரையன் ஐவாட்டாவும் அவரோடு இருந்தவர்களும், தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை வெவ்வேறு சூழ்நிலையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, காரணம் எல்லோருக்கும் ஒன்றல்ல என்று காட்டினார்களாம். வெளியே தெரிவது ஒரே கடி, காரணம் ஆளுக்கு ஆள் வேறு. அப்படியிருக்க, “ஒரு அடி போட்டால் நின்றுவிடும்” என்று எல்லோருக்கும் ஒரே மருந்து எழுதினால் எப்படி?

1985-ல் கார், டுராண்ட் என்று இரண்டு பேர் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். கடி என்ன வேலையைச் செய்கிறதோ, அதே வேலையைச் செய்யும் இன்னொன்றைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடு. அந்த இன்னொன்று கடியைவிடச் சுலபமாக இருக்க வேண்டும், உடனே பலிக்கவும் வேண்டும். அப்படி வந்ததுதான் இந்த அட்டை. இங்கிருக்கும் ஸ்பெஷல் டீச்சர் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். நான் சிலேட்டை எடுத்ததும், கை வாய்க்குப் போவதற்குள் அவன் கையைப் பிடித்து அட்டையை என் கையில் வைப்பார். “போதுமா? சரி” என்று நான் அந்த நிமிஷமே சிலேட்டை மூடிவிட வேண்டும். பிறகு டீச்சர் கையைப் பிடிப்பதை விட்டு முழங்கையை மட்டும் தொட்டார், அப்புறம் விரலால் காட்டினார், அப்புறம் அதுவும் இல்லை. பையன் கெட்டிக்காரன். சிலேட்டு அலமாரியை விட்டு இறங்குமுன்பே அட்டையோடு வந்து நின்றான். “இனி இவன் படிச்ச மாதிரிதான்” என்று மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். மேடம் அசரவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று முதலில் அவன் நம்பட்டும், பேரம் பிறகு என்றார். பேரமும் வந்தது. ஒரு கோடு, அப்புறம் போதும். இரண்டு கோடு, அப்புறம் போதும். இப்போது அரைப் பக்கம் கிறுக்குகிறான், தழும்பும் வெளுத்துக்கொண்டு வருகிறது.

இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு உன் கணக்குப் பீரியட்தான் ஞாபகம் வந்தது. பின்பெஞ்சுக் கூட்டம் சத்தம் போட்டவுடன் “வெளியே போய் நில்லுங்கடா” என்பாயே. அவர்கள் சில்வர் ஓக் மரத்தடியில் நின்று மேட்டுப்பாளையம் பஸ்ஸை வேடிக்கை பார்ப்பார்கள். மறுநாள் நீ போர்டில் பின்னம் எழுதுமுன்பே சத்தம் தொடங்கிவிடும். நீ தண்டனை என்று நினைத்தாய், இந்தப் படிப்பில் அதற்குப் பெயர் வேறு. கொடுக்கிறவர் மனசில் என்ன இருக்கிறது என்பது கணக்கில்லை, கொடுத்தபின் அந்த நடத்தை குறைந்ததா கூடியதா என்பதுதான் கணக்கு. பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு நடத்தை வளர்ந்தால் அது நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். நீ தினமும் அவர்களுக்குப் பின்னத்திலிருந்து விடுதலை கொடுத்துப் பரிசளித்திருக்கிறாய்! டிராயிங் மாஸ்டர் அப்போதே இதைத்தான் சொன்னார். நீ டஸ்டரை எறிந்தாய்.

“கண்டுக்காம விட்டுடு, தானா அடங்கும்” என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்களே, அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வழக்கமாகக் கிடைத்தது திடீரென்று நின்றால் முதலில் அடங்காது, ஏறும். வர்க்கி பிஸ்கட் டின்னை நாங்கள் உள்ளே பூட்டி வைக்கத் தொடங்கியபோது, தினம் வரும் குரங்குகள் சும்மா போகவில்லை. ஜன்னல் வலையைக் கிழித்து ஓட்டின் மேல் ரகளை செய்த பிறகுதான் வரவைக் குறைத்தன. அந்த ரகளை உச்சத்தில் ஒரு வர்க்கியை வீசியிருந்தால், இவ்வளவு கலாட்டா செய்தால்தான் கிடைக்கும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். எப்போதாவது கொடுப்பது இன்னும் மோசம். குன்னூர் டால்ஃபின் நோஸில் பார்த்திருப்பாய், எத்தனையோ காரில் ஒரு கார்தான் வாழைப்பழம் நீட்டும், அதற்காகக் குரங்கு எல்லாக் கார் மேலும் ஏறும். எது கொடுக்கும் என்று தெரியாததுதான் அதை விடாமல் ஏறவைக்கிறது. கடையில் பிள்ளை அழுவதற்கு இது சரி. தன் கையைத் தானே கடிக்கும் பிள்ளையை அப்படிக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. அதனால்தான் எங்களுக்கு அட்டை.

குல்லா கதையும் சொல்ல வேண்டும். தலையில் எதுவும் படக்கூடாது அவனுக்கு, இங்கே மார்கழிப் பனியில் காது வலி வந்து ராத்திரியெல்லாம் அழுவான். 1964-ல் மாண்ட்ரோஸ் வுல்ஃப் என்பவரும் கூட இருந்தவர்களும் மூன்றரை வயதுப் பையன் ஒருவனுக்குக் கண்ணாடி போடப் பழக்கிய கதையை மேடம் சொன்னார். கண்புரைக்காக லென்ஸை எடுத்துவிட்ட பிள்ளை, கண்ணாடி போடாவிட்டால் பார்வையே போய்விடும், அவனோ தொடவிடமாட்டான். முதலில் கண்ணாடி இல்லாத வெறும் ஃபிரேமை அறையில் போட்டு வைத்தார்கள். எடுத்தால் ஒரு தின்பண்டம், கையில் வைத்திருந்தால் ஒன்று, முகத்தருகே கொண்டுபோனால் ஒன்று என்று படிப்படியாக ஏற்றினார்கள். கடைசியில் நாளில் பெரும்பகுதி போட்டுக்கொண்டிருந்தானாம். நாங்களும் குல்லாவை ஊஞ்சல் மேல் போட்டோம். தொட்டால் நகத்தளவு வர்க்கித் துண்டு, தூக்கினால் ஒன்று, தலையில் பட்டால் ஒன்று. துண்டு சின்னதாக இருக்க வேண்டும், வயிறு நிறைந்துவிட்டால் வர்க்கிக்கு மதிப்பே போய்விடும். இப்போது வர்க்கி இல்லாமலே போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான், குல்லா முன்பின்னாகத்தான், ஆனால் காது மூடியிருக்கிறது.

சம்பந்தியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “நாய்க்குப் பழக்குகிற மாதிரி பிள்ளையைப் பழக்குகிறீர்கள்” என்கிறார். சம்பளம் நின்றிருந்தால் நீயும் நானும் எத்தனை மாதம் பள்ளிக்கூடம் போயிருப்போம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஆனால் அந்த அம்மாள் சொன்னதில் ஒரு முள் இருக்கிறது, சரோ. அதுதான் ராத்திரியில் குத்துகிறது.

கீழே கோயம்புத்தூரில் ஒரு சென்டரில் கண்ணனைக் காட்டினோம். நாலு கேள்வி கேட்டுவிட்டு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். கண்ணைப் பார்த்துப் பேசவைக்க வேண்டும், கையை உதறுவதை நிறுத்த வேண்டும், சொன்ன இடத்தில் அசையாமல் உட்காரவைக்க வேண்டும். வாரம் 40 மணி நேரம். மருமகள் அன்றைக்கே கோயம்புத்தூரில் வீடு பார்க்கக் கிளம்பிவிட்டாள். 1987-ல் லோவாஸ் என்பவர் வெளியிட்ட ஆய்வை அவள் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். வாரம் 40 மணி நேரம், இரண்டு வருஷத்துக்கு மேல், 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் சேர்ந்து படித்தார்கள். உண்மைதான். அதே ஆய்வில் உரக்க அதட்டுவதும், சில நேரம் தொடையில் அறைவதும் இருந்தது என்பதும் உண்மை. எந்தப் பிள்ளை எந்தக் குழுவில் என்பதைக் குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டையும் அவள் படிப்பதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, பெற்றவள். அறைவதையெல்லாம் இப்போது இந்தத் துறையிலேயே பலரும் ஏற்பதில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள், தங்களைச் சின்ன வயதில் கண்ணைப் பார், கையை ஆட்டாதே என்று படுத்திய பாட்டை இப்போது எழுதுகிறார்கள். பேரன் மூலம்தான் இதெல்லாம் படிக்க நேர்ந்தது, படித்தால் சோறு இறங்கவில்லை.

நீ பார்க்க வேண்டும். எதிர்ச் சரிவில் தேயிலைக்கு மேலே மூடுபனி எழும்பும்போது அவன் இரண்டு கையையும் உதறிக்கொண்டு நுனிக்காலில் நிற்பான். யாருக்கு என்ன நஷ்டம்? கடி அவனுக்கு வலிக்கிறது, அதை மாற்றினோம். குல்லா இல்லாவிட்டால் காது வலிக்கிறது, பழக்கினோம். கை உதறுவது பக்கத்து வீட்டுக்காரர் கண்ணைத் தவிர வேறு எதையும் உறுத்தவில்லை. இதை நான் மேடத்திடமே கேட்டுவிட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. 1978-லேயே அதே வுல்ஃப் எழுதியிருக்கிறாராம்: எதை மாற்றப்போகிறோம் என்பது வேண்டியதுதானா, மாற்றும் விதம் ஏற்கத்தக்கதா, பலன் திருப்திதானா என்று சம்பந்தப்பட்டவர்களையே கேட்க வேண்டும் என்று. “கண்ணனிடம் எப்படிக் கேட்பது?” என்றேன். “அவன் அட்டை கொடுக்கும்போதெல்லாம் நீங்கள் நிறுத்துகிறீர்களே, அதுதான்” என்றார். அவர் முறை சரியானது என்று எனக்குத் தோன்றுகிறது. முறை தெரிந்தவர்கள் எல்லோரும் அவரைப்போல இருப்பார்களா என்பதுதான் பயம். கத்தி கூர்மையாக இருக்கிறது, பிடிக்கிற கை யாருடையது?

ஜூனுக்குள் முடிவெடுக்க வேண்டும். மருமகளுக்குக் கோயம்புத்தூர், 40 மணி நேரம். மகன் வாய் திறப்பதில்லை. எனக்கு, இந்த மேடமும் இந்த டீச்சரும் போதும், கீழே போனால் என் பேரனை அசையாத பொம்மையாக்கிவிடுவார்கள் என்று இருக்கிறது. இதில் என் சுயநலமும் கொஞ்சம் உண்டு, இந்த வீட்டில் தனியாக நான் என்ன செய்வேன்? நீ முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்து வகுப்பு நடத்தியவள், உனக்கு ஒரு அபிப்பிராயம் இல்லாமல் இருக்காது. தாட்சண்யம் பார்க்காமல் எழுது. அம்மாவும் பாட்டியும் இழுக்கும் இழுப்பில் யார் பக்கம் நியாயம் என்று உனக்குப் படுகிறதோ அதைச் சொல்.

மே மாதம் வருவதாக எழுதியிருந்தாயே, வா. வந்ததும் “பாட்டியைப் பார், பாட்டிக்கு முத்தம் கொடு” என்று ஆரம்பித்துவிடாதே. பேசாமல் பக்கத்தில் உட்கார், அவனாக வருவான். மதுரையிலிருந்து கொண்டுவர ஒன்றும் வேண்டாம், உன் முழங்காலுக்குத் தைலம் மட்டும் மறக்காதே, எங்கள் வீட்டுப் படி அப்படியேதான் இருக்கிறது.

உன்,
வசந்தா