நான்காம் சிலுவைப் போருக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த சிலுவைப் போர்கள் பற்றிய கட்டுரை, 1095-இல் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பு, 1099-இல் எருசலேம் வீழ்ந்தது, 1187-இல் சலாஹுதீன் அதை மீட்டது என்று மூன்றாம் போர் வரை விரிவாகவே போகிறது. நான்காம் போருக்கு வந்ததும், ‘வழிதவறிக் கான்ஸ்டான்டிநோபிளைத் தாக்கியது’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. அந்தப் படை வழிதவறவே இல்லை. கிரேக்கக் கிறிஸ்தவர்களின் பைசாந்தியப் பேரரசுக்குத் தலைநகராக இருந்த அந்நகருக்கு (இன்றைய இஸ்தான்புல்), கடன்தான் அதை ஒவ்வொரு அடியாக இழுத்துக்கொண்டு போனது. இதைச் சொல்லாமல் விட்டால், சிலுவைப் போர் என்றாலே கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மோதியதுதான் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் அப்படியே தங்கிவிடும்.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். 1201-இல் பிரெஞ்சுப் பிரபுக்களின் தூதர்கள் ஆறு பேர் வெனிஸுக்குப் போய்க் கப்பல் ஒப்பந்தம் பேசினார்கள். 4,500 நைட்டுகள் (கவசமணிந்த உயர்குடிக் குதிரைவீரர்கள்), அவர்களுக்கு 4,500 குதிரைகள், 9,000 உதவி வீரர்கள், 20,000 காலாட்கள். குதிரைக்கு 4 மார்க் வெள்ளி, ஆளுக்கு 2 மார்க். குதிரைகளுக்கு 18,000, ஆட்கள் 33,500 பேருக்கு 67,000, ஆக மொத்தம் 85,000 மார்க். ஒரு மார்க் சுமார் 234 கிராம் என்பதால், இது ஏறக்குறைய 20 டன் வெள்ளி. இதுபோக, வெனிஸ் தன் செலவில் 50 போர்ப்படகுகளை அனுப்பும்; பிடிக்கும் நிலத்திலும் பொருளிலும் பாதி வெனிஸுக்கு. எகிப்தைத் தாக்குவதுதான் திட்டம். ஆனால் அதைச் சாதாரண வீரர்களிடம் சொல்லவில்லை. எருசலேமுக்குப் போகிறோம் என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள்.

கோளாறு இந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. வருவார்கள் என்று எதிர்பார்த்த 33,500 பேரில் ஒருவரையும் வெனிஸ் வழியாகத்தான் வர வேண்டும் என்று கட்டுப்படுத்த யாருக்கும் அதிகாரமில்லை. தலைமை ஏற்பார் என்று எதிர்பார்க்கப்பட்ட ஷாம்பெய்ன் பிரபு தியோபால்ட் 1201-லேயே இறந்துபோனார். பலர் மார்சேய் போன்ற வேறு துறைமுகங்களிலிருந்து கிளம்பிவிட்டார்கள். 1202 கோடையில் வெனிஸில் கூடியவர்கள் சுமார் 12,000 பேர்தான். வெனிஸோ தன் வணிகப் போக்குவரத்தைப் பெருமளவு நிறுத்திவைத்து, சொன்ன கணக்குப்படி எல்லாக் கப்பல்களையும் கட்டி முடித்திருந்தது. வந்தவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டினார்கள். பிரபுக்கள் தங்கள் பொன், வெள்ளிப் பாத்திரங்களையும் கொண்டுவந்து கொட்டினார்கள். அப்படியும் 34,000 மார்க் குறைந்தது. ஒப்பந்தம் பேசிய ஆறு பேரில் ஒருவரான வில்லார்துவான் எழுதிவைத்த கணக்கு இது.

வெனிஸின் ஆட்சித் தலைவர் என்ரிக்கோ டாண்டலோ, பார்வையிழந்த முதியவர், கடனுக்குத் தவணை தந்தார். அதற்கு ஒரு நிபந்தனை: போகும் வழியில் அட்ரியாட்டிக் கரையிலுள்ள சாரா நகரைப் பிடித்துத்தர வேண்டும். சாரா கத்தோலிக்க நகரம். அதன் காவலரான ஹங்கேரி அரசர் இம்ரே, தாமே சிலுவைப் போருக்குச் சபதம் எடுத்தவர். நகர மக்கள் மதில்மேல் சிலுவைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், பயனில்லை. 1202 நவம்பர் 24 அன்று நகரம் வீழ்ந்தது. கிறிஸ்தவர்களைத் தாக்கக் கூடாது என்று முன்பே எச்சரித்திருந்த போப் மூன்றாம் இன்னசென்ட், படையைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். பிறகு பிரெஞ்சுக்காரர்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது, வெனிஸியர்களுக்குக் கிடைக்கவில்லை. வெனிஸியர் மீதான விலக்கு ஆணையைப் படைத்தலைவர்கள் வெளியிடாமலே வைத்துக்கொண்டார்கள். சைமன் த மோன்ஃபோர் போன்ற சிலர் இதெல்லாம் பிடிக்காமல் பிரிந்து போனதையும் சொல்ல வேண்டும். மறுக்கும் வழி இருந்தது, மறுத்தவர்களும் இருந்தார்கள்.

சாராவிலும் கடன் தீரவில்லை. அங்கேதான் பைசாந்திய இளவரசன் அலெக்ஸியோஸின் தூதர்கள் வந்தார்கள். பதவியிழந்து கண் பிடுங்கப்பட்ட தன் தந்தை ஐசக்குக்கு அரியணையை மீட்டுத் தந்தால் 2,00,000 மார்க் வெள்ளி, எகிப்துப் போருக்கு 10,000 வீரர்கள், புனித நாட்டில் நிரந்தரமாக 500 நைட்டுகள், கிரேக்கத் திருச்சபை ரோமுக்குப் பணிவது என்று வாக்குறுதிகளை அடுக்கினான். 34,000 மார்க்குக்குத் திணறிக்கொண்டிருந்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. வெனிஸ் தொடக்கத்திலிருந்தே சதி செய்தது என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அது தேவையற்ற விளக்கமாகத் தோன்றுகிறது. இந்தக் கணக்கே போதும்.

1203 ஜூலையில் படையின் தாக்குதலுக்குப் பின் ஐசக் அரியணைக்குத் திரும்பினார்; ஆகஸ்ட்டில் அலெக்ஸியோஸ் இணைப் பேரரசனாக முடிசூடினான். கருவூலத்தில் பணம் இல்லை. தேவாலயப் பாத்திரங்களையும் திருவுருவங்களின் வெள்ளித் தகடுகளையும் உருக்கியும் பாதியளவுதான் தேறியது. ஆகஸ்ட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைத் தங்கள் கட்டுரையாளர் அவசியம் கவனிக்க வேண்டும். படையைச் சேர்ந்த ஒரு கூட்டம் நகரத்திலிருந்த மசூதியைக் கொள்ளையடிக்கப் போனது. முஸ்லிம்கள் எதிர்த்து நின்றார்கள். அக்கம்பக்கத்துக் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் அவர்களுக்குத் துணையாக ஓடிவந்தார்கள். பின்வாங்கிய கூட்டம் வைத்த தீ நகரின் பெரும்பகுதியை எரித்தது. இதை எழுதிவைத்த நிகெத்தாஸ் கோனியாத்தேஸ் அந்த அரசின் உயர் அதிகாரி. ‘இரு மதங்களின் போர்’ என்ற சட்டகத்துக்குள் இந்த நிகழ்ச்சி அடங்குமா?

1204 தொடக்கத்தில் அலெக்ஸியோஸ் கொல்லப்பட்டான். இனிக் கடனைத் தர ஆளில்லை. மார்ச் மாதம், நகரைப் பிடிப்பதற்கு முன்பே, படைத்தலைவர்களும் வெனிஸும் பங்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். கடன் அடையும்வரை கொள்ளையில் நான்கில் மூன்று பங்கு வெனிஸுக்கு. புதிய பேரரசருக்குப் பேரரசில் கால் பங்கு. மீதி முக்காலை இரு தரப்பும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது. பெண்களையும் தேவாலயங்களையும் தொடுவதில்லை என்று திருப்பண்டங்களின் (புனிதர்களின் எச்சங்கள் எனப் போற்றப்படுபவை) மீது ஆணையும் இட்டார்கள்.

ஏப்ரல் 9 தாக்குதல் தோற்றது. மனமுடைந்த வீரர்களிடம் ஆயர்களும் குருக்களும் பிரசங்கம் செய்தார்கள்: கிரேக்கர்கள் தம் அரசனைக் கொன்றவர்கள், ரோமுக்குப் பணியாதவர்கள், ஆகவே இந்தப் போர் நியாயமானது, இதில் இறப்பவருக்குப் பாவமன்னிப்பு உண்டு என்று. எருசலேமுக்காக எழுந்த ஒரு வாக்குறுதி, உலகின் மிகப் பெரிய கிறிஸ்தவ நகரங்களுள் ஒன்றின் மேல் அப்படியே திருப்பிவிடப்பட்டது. நான்காம் போரைப் பற்றி ஒரே பத்திதான் எழுத இடம் உண்டென்றால், நான் இந்தப் பிரசங்கத்தைத்தான் எழுதுவேன்.

ஏப்ரல் 12 அன்று கப்பல்களை இரண்டிரண்டாகப் பிணைத்து, பாய்மர உச்சியிலிருந்து மதில் கோபுரங்களுக்குப் பாலம் நீட்டி ஏறினார்கள். தரைப்பக்கத்து மதிலைவிடப் பொற்கொம்பு என்ற கடற்கழியை நோக்கிய மதில் பலம் குறைந்தது. அடி அங்கேதான் விழுந்தது. பிறகு மூன்று நாள் கொள்ளை. நகரின் தலைமை ஆலயமான ஹாகியா சோபியாவின் பலிபீடத்தை உடைத்துப் பங்கிட்டார்கள். வெள்ளியைச் சுமக்க உள்ளே ஓட்டிவந்த கோவேறு கழுதைகள் பளிங்குத் தரையில் வழுக்கி விழுந்ததை நிகெத்தாஸ் பதிவு செய்திருக்கிறார். பழைய வெண்கலச் சிலைகளை நாணயத்துக்காக உருக்கினார்கள். அதிகாரபூர்வப் பங்கு நைட்டுக்கு 20 மார்க், குதிரைவீரனுக்கு 10, காலாளுக்கு 5. பங்குக்கு வராமல் பொருளை ஒளித்த தன் நைட் ஒருவரைச் செயின்ட் போல் பிரபு, கழுத்தில் அவருடைய கேடயத்தையே மாட்டித் தூக்கிலிட்டார். தேவாலயத்தைத் தொட்டவர்கள் இப்படித் தண்டிக்கப்பட்டதாக வில்லார்துவான் எங்கும் சொல்லவில்லை.

கிரேக்கத் தரப்பும் கறைபடியாததல்ல. 1182-இல் அதே நகரில் லத்தீன் கிறிஸ்தவர்களை, அதாவது ரோமைச் சார்ந்த மேற்கு ஐரோப்பியரை, நோயாளிகளைக்கூட விடாமல், கும்பல் வெட்டிக் கொன்றது. அந்தப் பகையும் 1204-க்குள் இருக்கிறது. ஆனாலும் எருசலேமைப் பிடித்த முஸ்லிம்கள் இவர்களைவிட மனிதத்தன்மையோடு நடந்தார்கள் என்று நிகெத்தாஸ் எழுதியது வெறும் கோபமல்ல. 1187-இல் சலாஹுதீன் ஆணுக்கு 10 தினார் என்று மீட்புத்தொகை வைத்து மக்களை வெளியேற விட்டார்; கட்ட முடியாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளானார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் படுகொலை நடக்கவில்லை.

இதன் பின்விளைவைத் தங்கள் கட்டுரை தொடவே இல்லை. வென்றவர்கள் அங்கே நிறுவிய லத்தீன் பேரரசு 1261 வரைதான் நின்றது. அதன் கடைசி அரசர் இரண்டாம் பால்ட்வினின் வறுமையில் இயேசுவின் முள்முடி என்று போற்றப்பட்ட திருப்பண்டமே வெனிஸ் வணிகர்களிடம் அடகுக்குப் போனது; அதை மீட்ட பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி, பாரிஸில் அதற்காகவே சேந்த் ஷப்பேல் ஆலயத்தைக் கட்டினார். நகரம் கிரேக்கர் கைக்குத் திரும்பினாலும் பழைய வலிமை வரவில்லை. 1453-இல் உஸ்மானியத் துருக்கியர் முன் நின்றது அதன் எச்சம்தான். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளின் பிளவுக்கு 1054 என்று ஆண்டு குறிப்பார்கள். சாதாரண கிரேக்க மக்கள் மனத்தில் அது ஆறாத புண்ணானது 1204-இல்தான் என்பது என் துணிபு. 2001 மே மாதம் ஏதென்ஸில் போப் இரண்டாம் ஜான் பால் இந்தக் கொள்ளையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். 2004-இல், அந்நகரின் முன்னாள் பேராயர்களான யோவான் கிறிசோஸ்தோம், நாசியான்சு கிரகோரி ஆகியோரின் திருப்பண்டங்களை கான்ஸ்டான்டிநோபிளின் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயுவிடம் ஒப்படைத்தார்.

இரண்டு திருத்தங்கள். வெனிஸின் புனித மாற்கு ஆலய முகப்பிலுள்ள நான்கு வெண்கலக் குதிரைகளைக் கொள்ளைப் பொருள் என்று படக்குறிப்புச் சொல்கிறது. இப்போது முகப்பில் நிற்பவை நகல்கள். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்தவை உள்ளே காட்சிக்கூடத்தில் இருக்கின்றன. நெப்போலியன் 1797-இல் அவற்றைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்; 1815-இல்தான் அவை வெனிஸுக்குத் திரும்பின. அடுத்து, வரைபடத்தில் சாராவே இல்லை. இன்றைய குரோஷியாவின் சாதர் நகரம்தான் அது. தொடரின் அடுத்த பகுதியில் அதைக் குறித்து, வெனிஸிலிருந்து அங்கும், அங்கிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்கும் படை போன கடல்வழியையும் வரைந்து காட்ட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை