மீனில் இருக்கும் பாதரசம்

கயல் கண்ணு,

தண்ணீரில் பாதரசத்தைக் கண்டுபிடிக்கும் உன் உணரியைப் பற்றி நீ அனுப்பிய கட்டுரை வரைவை அச்செடுத்துப் படித்தேன். அப்பாவும் படிக்கிறேன் என்று உட்கார்ந்தார், முதல் பக்கத்தோடு சரி.

தங்க மின்முனையில் டி.என்.ஏ. இழையை ஒட்டவைத்து, அதன் மறுமுனையில் மெத்திலீன் நீலம் என்ற, மின்முனையோடு எலக்ட்ரான் பரிமாறும் சாயத்தைக் கோத்திருக்கிறாய். பாதரச அயனி வந்தால் அந்த இழையின் எழுத்துகளில் ஒன்றான தைமின்கள் இரண்டுக்கு நடுவே உட்கார்ந்து அவற்றைப் பிணைக்கும். நீட்டி நின்ற இழை நம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு மாதிரி மடங்கும். நீலம் மின்முனைக்கு அருகில் வந்துவிடும், மின்னோட்டம் கூடும். அழகான வேலை. ஆய்வகத்தில் நாங்கள் ஸ்டானஸ் குளோரைடு சேர்த்துப் பாதரசத்தை ஆவியாக்கி, 253.7 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று அளப்போம். அந்த இயந்திரமே ஒரு மேசையை அடைத்துக்கொள்ளும். உன்னுடையது சட்டைப்பையில் அடங்கும் என்கிறாய். பொறாமையாகத்தான் இருக்கிறது.

குடிநீருக்கு நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், உங்கள் கணக்கில் சுமார் 5 நானோமோலார். உன் உணரி அதற்கும் குறைந்த அளவைக்கூடக் கண்டுபிடிக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முன்னுரையில் ஜப்பானின் மினமாட்டாவை இழுத்திருக்கிறாயே, அங்கேதான் உதைக்கிறது. 1956-இல் அங்கே தெரியவந்த நோய்க்குக் காரணம் மீனில் சேர்ந்த மெத்தில் பாதரசம். அதில் பாதரசத்தின் ஒரு பக்கத்தை மெத்தில் தொகுதி பிடித்துக்கொண்டுவிடுகிறது. மிச்சமுள்ள பக்கத்தால் ஒரே ஒரு தைமினைத்தான் பிடிக்க முடியும், இரண்டை இணைக்க முடியாது. இழை மடங்காது. மீன் முழுக்க நஞ்சு இருந்தாலும் உன் உணரி ஒன்றுமில்லை என்றே சொல்லும். அப்படிச் சொல்கிற கருவியை நம்பி ஒரு குடும்பம் மீன் குழம்பு வைத்தால்?

ஒன்று, மெத்தில் மாதிரி எதுவும் ஒட்டாத கனிமப் பாதரசத்துக்கு மட்டும் என்று தலைப்பிலேயே போட்டுவிடு. இல்லையென்றால் அமிலம், பொட்டாசியம் பெர்மாங்கனேட், பெர்சல்பேட் எல்லாம் சேர்த்து 95 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து மெத்தில் பாதரசத்தைச் சிதைத்துவிட்டு அளக்க வேண்டும். அப்புறம் சட்டைப்பை என்ற பேச்சை எடுக்க முடியாது.

இன்னொன்று. பாதரசம் தங்கத்தோடு தானாகவே ரசக்கலவை ஆகும், அதனாலும் மின்னோட்டம் மாறலாம். தைமின் இல்லாத இழையை ஒட்டியும் ஓட்டிப் பார்த்தாயா? வரைவில் அந்தப் படம் இல்லை. குளோரைடு அதிகமுள்ள தண்ணீரிலும் பார், குளோரைடு பாதரசத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எல்லா அளவையும் தூய கரைசலிலேயே எடுத்திருக்கிறாய், மதிப்பீட்டாளர் கேட்காமல் விடமாட்டார்.

கொடைக்கானல் தண்ணீரில் சோதிக்க வேண்டும் என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கிருந்த பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடிய பிறகும் அந்த மண்ணைப் பற்றிய பேச்சு ஓயவில்லையே. தண்ணீரோடு ஏரியின் அடிச்சேறும் மீனும் எடுத்துக்கொள். சாதாரண பாலித்தீன் பாட்டில் வேண்டாம். பாதரசம் அதன் சுவரில் ஒட்டும், ஆவியாகவும் தப்பிவிடும். கண்ணாடிதான் நல்லது. எடுத்த இடத்திலேயே நைட்ரிக் அமிலம் விட்டு மூடிவிடு. அளக்கும் முன் உன் இழை தாங்கும்படி அமிலத்தன்மையைக் குறைத்துக்கொள்.

என்றைக்கு வருகிறாய் என்று முன்கூட்டியே சொல்லு. பாட்டில்களை இங்கேயே அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி வைக்கிறேன்.

அம்மா