எக்ஸ்ரேயோடு எங்கள் நடையையும் பாருங்கள்

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு எனக்கு இடது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். இரவில் புரண்டு படுக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தவள் நான். அந்தப் பழைய வலி போன இடம் தெரியவில்லை. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது பயிற்சித் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லாம் ஆங்கிலம். நகலெடுத்து நகலெடுத்து மங்கிய படங்களில், காலைத் தூக்குகிறார்களா மடக்குகிறார்களா என்றே தெரியவில்லை. "தினமும் மூன்று வேளை செய்யுங்கள்" என்றார்கள், அவ்வளவுதான்.

முதல் மாதம் பயத்தில் செய்தேன். ஆறாவது வாரம் வலி குறைந்ததும் விட்டுவிட்டேன். வலியே இல்லை, பிறகு எதற்கு? பத்தாவது வாரம், நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பதை என் தங்கைதான் பார்த்துச் சொன்னாள்.

அதன்பிறகுதான் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னது காலில் ரத்தம் உறையாமல் இருக்க. ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துவது இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்காக. ஒற்றைக் காலில் உடம்பின் பாரம் இறங்கும்போது சாயாமல் பிடித்துக்கொள்வது அதுதான். நடையில் ஒவ்வோர் அடியும் ஒற்றைக் காலில் நிற்பதுதானே! கைத்தடி அறுவை செய்த காலுக்கு எதிர்க்கையில் இருக்க வேண்டுமாம். நான் அதுவரை இடது கையில் பிடித்திருந்தேன்.

காரணம் தெரிந்ததும் செய்ய மனம் வந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் எண்ணிக்கையை எழுதி வைத்தேன். முதல் தாளில் "4. கால் நடுங்கியது" என்று இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து ஒரு தாளில் "15, மூன்று முறை". அலுப்புத் தட்டும் நாளில் அந்த முதல் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுப் பயிற்சி செய்யக் கட்டிலுக்குப் போவேன்.

ஐயா, அம்மா, அந்தத் தாளைத் தமிழில் கொடுங்கள். "இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்காதீர்கள்" என்றால் எங்களுக்கு எப்படிப் புரியும்? அரிவாள்மணை முன்னால் உட்காராதீர்கள், கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுக்காதீர்கள், குந்தும் கழிப்பறை இப்போது வேண்டாம் என்று எழுதுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கிறார்கள். பஸ் ஏறி வர முடியாதவர்களுக்கு அதையும் சொல்லி அனுப்புங்கள்.

ஆறாவது வாரம் நாங்கள் வரும்போது, எக்ஸ்ரேயைப் பார்த்து முடித்தபின் கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் அறைக் கதவு வரை போய்த் திரும்ப ஒரு நிமிடம்தான் ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை