விசுவாவசு ஆவணியில் மகளுக்கு

சிங்கப்பூர்,
2025 ஆவணி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். தினமும் கைப்பேசியில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். "அறுபதாவது பிறந்தநாளில்கூட யாருமில்லாத ஊரில் தனியாகக் கிடக்கிறீர்களே அப்பா" என்று நீ அழுதாயே, அதற்கு அன்றே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஏனென்றால் அந்த யாருமில்லாதவர்கள் ஐந்தாறு பேர் என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உன் வருத்தத்தில் பாதி நியாயமானது. நான் பிறந்த 1965 விசுவாவசு வருடம், அறுபது வருடச் சுற்று முடிந்து இப்போது திரும்ப வந்திருக்கிறது. முறைப்படி நான் உன் அம்மாவோடு திருக்கடையூரில் அமிர்தகடேசுவரர் சந்நிதியில் மாலையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய விதி இருந்திருந்தால், அறுபது வயதோடு வேலை பெர்மிட் முடிந்து நானும் ஊருக்கு வந்திருப்பேன். இந்த வருடம் ஜூலை முதல் தேதியிலிருந்து மனிதவள அமைச்சு வயது வரம்பை 63 ஆக்கிவிட்டதால் முதலாளி புதுப்பிக்கட்டுமா என்று கேட்டார். உன் தம்பியின் படிப்பை நினைத்துச் சரி என்றேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

தனியாக என்று சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நட்சத்திரம் வேலை நாளில் வந்ததால் அன்று வழக்கம்போல் லாரி ஏறிப் போய் வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அறையில் இருக்கும் பட்டுக்கோட்டைக்காரர் என்னை எழுப்பிப் புது வேட்டியைக் கொடுத்து, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். அந்தக் கோயிலைச் சுண்ணாம்புக் கம்பத்துக் காளி கோயில் என்று அந்தக் காலத்தில் சொல்வார்களாம்; கம்பம் என்றால் இங்கே கிராமம். அங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களில் வேலை செய்தவர்கள் கும்பிட்ட சாமி என்பதால், சிமெண்டு கலக்கும் எனக்கு அவள்மேல் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. பரமக்குடித் தம்பி ஒரு மாலை வாங்கி வந்திருந்தான். அதை என் கழுத்தில் போடப் போனவனைத் தடுத்து, "தங்கச்சி பக்கத்தில் இல்லாமல் இவருக்கு மாலை கூடாது" என்று பட்டுக்கோட்டைக்காரர் சொல்லிவிட்டதால், மாலை அம்மனுக்குப் போனது. பிறகு இளம்பிள்ளைகள் ஒன்பது பேர் வரிசையாக என் காலில் விழுந்தார்கள். விழுந்தால் ஏதாவது கொடுக்க வேண்டும் அல்லவா? ஆளுக்கு இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு டாலர், கொடுத்தேன். தேக்காவில் வாழையிலைச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் பணம் போட்டு வாங்கிய மூக்குக்கண்ணாடி ஒன்றைத் தந்தார்கள். நீ அனுப்பும் செய்திகளைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பதைக் கவனித்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒரு நாள் சாப்பாட்டுக்காக நான் இவர்களைப் பெரிதாகச் சொல்வதாக நினைக்காதே. 2020இல் உன் தாத்தா இறந்ததை நீ ஊரில் இருந்து பார்த்தாய்; நான் எப்படிப் பார்த்தேன் என்பதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. அந்த ஏப்ரலிலிருந்து கொரோனாவுக்காக விடுதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பேரும் அறையிலேயே கிடந்தோம், சாப்பாடு பொட்டலமாக வாசலுக்கு வந்தது, ஊருக்கு விமானம் இல்லை. மூத்த மகனாகிய நான் வைக்க வேண்டிய கொள்ளியை உன் சித்தப்பா வைத்தார். அவர் அனுப்பிய வீடியோவைப் பார்க்கக் கைப்பேசியைப் பிடித்தால் என் கை நடுங்கியது. வங்கதேசத்துக்காரரான பாய் அதை வாங்கிக்கொண்டு, பாடை தூக்கியதிலிருந்து சுடுகாடு வரைக்கும் என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். அது நோன்பு மாதம். ஊரில் மாலை நாலரை என்றால் இங்கே ஏழு மணி. நோன்பு திறக்கும் நேரம் வந்து, அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் பேரீச்சம்பழத்தை நீட்டியபோதும், எல்லாம் முடியும்வரை அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

பதினாறாம் நாள் பரமக்குடித் தம்பி தாடி மழிக்கும் டிரிம்மரால் என் தலையை மழித்துவிட்டான்; வலிக்காமல் செய்கிறேன் என்று சொல்லி ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டான். சமைக்க அனுமதி இல்லாததால், அவரவர் பொட்டலத்திலிருந்து ஆளுக்கு ஒரு பிடி சோறு எடுத்துத் தந்தார்கள்; அதில்தான் பிண்டம் பிடித்தேன். காவிரிக்குப் பதில் குளியலறைக் குழாய். சன்னல் விளிம்பில் வைத்த சோற்றுக்குக் காகம் வரவே இல்லை, ஒரு மைனாதான் வந்து கொத்தியது. நான் முகம் வாடி நிற்பதைப் பார்த்துப் பட்டுக்கோட்டைக்காரர், "உன் அப்பா முதல்முறையாக வெளிநாடு வருகிறார், கிடைத்த உருவத்தில்தானே வர முடியும்" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தேன்.

இவர்களுக்கு நன்றி என்று நான் வாயால் சொன்னதில்லை. ஒரே அறையில் இருப்பவர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் கேலி செய்வார்கள். அதனால் உன்னிடம் சொல்கிறேன், நீதான் செய்ய வேண்டும்.

பங்குனியில் விடுப்புத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விசுவாவசு முடிவதற்குள் திருக்கடையூரில் அம்மாவோடு அறுபதாம் கல்யாணத்தை நடத்திவிடலாம். நாள் பார்த்து வை. பத்திரிகை அடித்தவுடன் சொந்தக்காரர்களுக்கு முன்னால் பரமக்குடித் தம்பியின் பெற்றோருக்கு ஒன்று அனுப்பு. பாய் அடுத்த மாதம் ஊருக்குப் போகிறார்; அவருடைய மகளுக்கு உன் வயதுதான். நம் பக்கத்துப் பருத்திப் புடவை ஒன்றை அம்மாவிடம் எடுக்கச் சொல், இங்கே வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம்.

பட்டுக்கோட்டைக்காரரின் அம்மாவுக்கு மட்டும் தபாலில் அனுப்பாதே. சென்னையிலிருந்து மன்னார்குடிக்கு வரும்போது பட்டுக்கோட்டைக்கும் ஒரு நடை நேரில் போய்க் கொடு. அந்தப் பெரியம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேசு. சிங்கப்பூரில் உங்கள் மகனோடு இருப்பவரின் பெண் என்று முதலிலேயே சொல்லிவிடு. இல்லையென்றால் ஏதோ கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டிவிடுவார்.

அன்புடன்,
அப்பா